வாய்மொழியும் வரைமொழியும்: கணித விளக்கம் பற்றிய ஓர் ஆய்வு

கணிதத்தில் விடை காண்பது ஒன்று. அவ்விடை ஏன் விடையாகின்றது என்பதைப் பிறர் ஏற்கும்படி எழுதிக் காட்டுவது மற்றொன்று. முன்னையதில் வல்ல மாணவர் பலர் பின்னையதில் இடர்ப்படுகின்றனர். பயிற்சிக் கொப்பிகளைத் திருத்தும் ஆசிரியர் அனைவரும் இதனை அறிவர். கொப்பியின் அடியிலே சரியான விடை இருக்கும். அதற்கு மேலே எண்களும் குறிகளும் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். காரணம் கேட்கப்பட்ட இடத்திலே, "ஏனெனில் அவை சமன்" என்றோ, "தேற்றப்படி" என்றோ ஒரு வரி நிற்கும். எவை சமன், எத்தேற்றம், அத்தேற்றம் இவ்விடத்துப் பொருந்துவது எங்ஙனம் என்பன அவ்வரியிலே இரா. ஆயினும், அதே மாணவனை அருகழைத்து, "இதனை எப்படிக் கண்டாய்?" என்று வினவினால், அவன் படத்தைத் தொட்டும் விரலாற் சுட்டியும் ஏறக்குறைய முழுக் காரணத்தையும் சொல்லிவிடுவதுண்டு. வாயில் இருந்தது தாளில் இல்லை. இடைவழியில் அது தொலைந்தது எங்கே என்பதுதான் வினா.

இக்குறைக்கு வகுப்பறைக் கலந்துரையாடலே மருந்து என்பர் ஒரு சாரார். மாணவர் தம்முட் பேசியும் வினாவியும் மறுத்தும் உடன்பட்டும் பழகினால் எழுத்துத் தானே தெளிவுறும் என்பது அவர் கொள்கை. கணித பாடத்திற் பேச்சு வீண். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய நிறுவலைப் பார்த்தெழுதிப் பலகாற் பயில்வதே எழுத்துத் திருந்தும் வழி என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பாதி உண்மைகளே. பேச்சு எழுத்தைத் திருத்தும். ஆனால் எல்லாப் பேச்சும் திருத்தாது. எத்தகைய பேச்சு, எந்நிலையில், எவ்வாறு எழுத்தைத் திருத்துகின்றது என்பதே ஆராயத்தக்கது. தமிழிலுள்ள உரைமரபையும், கணித உரையாடலைப் பொருளாகக் கொண்ட புகழ்பெற்ற மேனாட்டு நூல்கள் இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால் இதற்கு விடை கிடைக்கும்.

கல்வியிற் பேச்சுக்குரிய இடத்தைத் தமிழ் இலக்கண நூலார் நெடுங்காலத்துக்கு முன்னரே வரையறுத்துள்ளனர். பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரப் பகுதியிற் கற்றலின் இயல்பைக் கூறுமிடத்து, அதனைப் பங்கிட்டுக் காட்டுகின்றார். ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக்கொண்ட மாணாக்கனுக்கும் புலமையிற் காற்பங்கே கைவரும். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதாலேயே நிரம்பும். இப்பங்கீட்டிலே கருதத்தக்கது, கேட்டல், கலந்து பயிலல், விரித்துரைத்தல் என்னும் வரிசையாகும். கலந்து பயிலல் நடுவிலே நிற்கின்றது. அது முடிவன்று, விரித்துரைத்தலுக்கு ஏறும் படி. கலந்துரையாடலை முடிவாகக் கொண்டு, மணி அடித்ததும் பாடத்தை நிறுத்திவிடும் ஆசிரியர் நன்னூலார் கணக்கின்படி அரைக் கல்வியுடன் மாணவரை அனுப்பிவிடுகின்றார்.

விரித்துரைத்தல் எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதற்கு இறையனார் அகப்பொருளுரை கூறும் வரலாறு ஒன்று சிறந்த விளக்கமாகும். அறுபது சூத்திரங்களுக்குச் சங்கப் புலவர் பலரும் உரை கண்டனர். யாருடைய உரை மெய்யுரை என்று தீர்த்துச் சொல்லவல்ல காரணிகன் ஒருவன் வேண்டப்பட்டான். அக்காரணிகனாக அமர்த்தப்பட்டவன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவன். அவன் பேசாதவன். புலவர் ஒவ்வொருவராக உரை கூற, அவன் வாளா இருந்தான். மருதனிளநாகனார் உரைத்தபோது சிற்சில இடங்களில் மெய்சிலிர்த்தான். நக்கீரர் உரைத்தபோதோ சொற்றோறும் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான். அதனால் நக்கீரர் உரையே மெய்யுரை எனக் கொள்ளப்பட்டது. இதனை வரலாறாகக் கொள்வதா, புனைவாகக் கொள்வதா என்பது இங்கு வேண்டப்படுவதன்று. உரையை அளப்பவன் பேசாதவன் என்று அமைத்த நுட்பமே வேண்டப்படுவது. அவன், "இச்சொல்லுக்குப் பொருள் என்ன?" என்று இடைமறித்துக் கேட்கமாட்டான். உரைகாரர் தாம் சொல்லாது விட்டதைப் பின்னர் நிரப்பிக்கொள்ளவும் வழியில்லை. சொல்லப்பட்ட சொல் மட்டுமே அவனைச் சென்றடையும்.

எழுதப்பட்ட விளக்கத்தைப் படிப்பவன் ஒவ்வொருவனும் ஓர் உருத்திரசன்மனே. அவன் வினவமாட்டான், எழுதியவன் அருகில் இருந்து விரலாற் சுட்டவும் மாட்டான். பேச்சிலே வல்ல மாணவன் எழுத்திலே தடுமாறுவதற்கு மூலகாரணம் இங்குள்ளது. பேசும்போது எதிரிலிருப்பவன் வினவுகின்றான், புருவத்தை நெரிக்கின்றான், "விளங்கவில்லை" என்கின்றான். அதற்கேற்பப் பேசுபவன் விட்டதை நிரப்புகின்றான். பாதி விளக்கத்தைக் கேட்பவனே இழுத்தெடுக்கின்றான். எழுதும்போது அந்த உதவி இல்லை. ஆகவே, எதிரிலிருப்பவன் கேட்டிருக்கக்கூடிய வினாவை எழுதுபவன் தானே எழுப்பித் தானே விடையிறுத்தல் வேண்டும். அகப்பொருளுரையின் நடையே இதற்குச் சான்று. அவ்வுரை நக்கீரர் முதலாகப் பத்துத் தலைமுறையாக வாய்மொழியாய் வந்து முசிறி நீலகண்டனாரை அடைந்தது என்று அந்நூலே கூறுகின்றது. வாய்மொழியாய் வந்ததன் தழும்பு அதன் வாக்கியங்களிலே பதிந்துள்ளது. "என்னை?" என்று வினாவுதலும், "எனின்" என்று தடையை எழுப்புதலும், அதற்கு விடை கூறி மேற்செல்லுதலும் பக்கந்தோறும் உள. பின்வந்த உரையாசிரியர்களும் இம்முறையைக் கைக்கொண்டனர். பள்ளியில் எழுந்த தடை எழுத்திற் பேணப்பட்டது. அப்பேணுதலே எழுத்துக்கு வலிமையாயிற்று. கணித வகுப்பு இம்மரபிலிருந்து கற்கவேண்டியது இதுவே.

இனி, மேனாட்டு நூல்களை நோக்கலாம். கணிதங் கற்பிக்கும் உரையாடல்களுட் பழமையும் புகழும் மிக்கது பிளேட்டோ கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய மீனோ என்னும் உரையாடலில் வரும் பகுதியாகும். சோக்கிரதீஸ், கல்வியறிவில்லாத அடிமைச் சிறுவன் ஒருவனை அழைத்து, பக்கம் 2 அடியான சதுரம் ஒன்றை மணலில் வரைகின்றார். அதன் பரப்பு 4 சதுர அடி. பரப்பில் அதன் இருமடங்கான சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று வினவுகின்றார். பக்கத்தை இருமடங்காக்கினாற் போதும் என்று சிறுவன் கூறுகின்றான். வரைந்து பார்க்கப் பரப்பு 16 ஆகின்றது. பின்னர் பக்கம் 3 அடி என்கின்றான். பரப்பு 9 ஆகின்றது. வேண்டியது 8. சிறுவன் திகைத்து, தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கின்றான். அதன்பின் சோக்கிரதீஸ் மூலைவிட்டங்களை வரைந்து வினாக்களைத் தொடுக்க, மூலைவிட்டத்தின்மேல் எழுந்த சதுரமே 8 சதுர அடிப் பரப்புடையது என்பதைச் சிறுவன் கண்டுகொள்கின்றான்.

இவ்வுரையாடலைச் சிறந்த கற்பித்தலுக்கு எடுத்துக்காட்டாகப் புகழ்வோர் பலர். புகழத்தக்கன அதில் உண்மையாகவே உள. பிழையான விடைகள் இரண்டும் கடிந்து ஒதுக்கப்படவில்லை. எண்ணிப் பார்த்துத் தானே பிழையை உணருமாறு சிறுவன் விடப்படுகின்றான். பிழை என்று அறிந்த பின்னரே சரியானதைத் தேடும் வேட்கை பிறக்கின்றது. ஆயினும் எழுத்து என்னும் நோக்கிலிருந்து பார்த்தால் இவ்வுரையாடலின் குறை தெற்றெனப் புலப்படும். சிறுவன் கூறும் மறுமொழிகளுட் பெரும்பாலானவை "ஆம்" என்பதும் ஓர் எண்ணும் மட்டுமே. தீர்வுக்குத் திறவுகோலான மூலைவிட்டத்தை வரைந்தவர் சோக்கிரதீஸ். அதற்குப் பெயர் கூறியவரும் அவரே. விளக்கத்தின் வாக்கியங்கள் எல்லாம் ஆசிரியரின் வாயில் இருக்கின்றன. ஒப்புதல் மட்டும் மாணவன் வாயில் இருக்கின்றது. அன்று மாலை அச்சிறுவனை ஒரு தாளின்முன் இருத்தி, "நீ கண்டதை எழுது" என்றால் அவனால் என்ன எழுத இயலும்? அவனுள் எழுந்த கருத்துகள் கனவுபோன்றன என்றும், இவ்வினாக்களையே பலமுறை பலவாறாக வினவினாலன்றி அவை உறுதியான அறிவாகமாட்டா என்றும் சோக்கிரதீஸே சொல்கின்றார். புகழ்வோர் இவ்வாக்கை நினைவிற் கொள்வதில்லை. ஆசிரியர் வினவ மாணவர் ஒற்றைச் சொல்லில் விடையிறுக்கும் வகுப்புகள் ஈழநாட்டிலும் பல. அவற்றைக் கலந்துரையாடல் என்று அழைப்பது பெயரளவிலேயே பொருந்தும். அங்கே பேச்சு நிகழ்கின்றது. விளக்கும் பயிற்சி நிகழவில்லை.

இதற்கு மறுதலையாக நிற்பது இம்ரே லக்கற்றோஷ் எழுதிய நிறுவல்களும் மறுப்புகளும் என்னும் நூல். அங்கேரியிற் பிறந்த இவர் (1922 – 1974) இதனை முதலில் 1963ஆம் 1964ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் மெய்யியல் ஏடு ஒன்றிற் கட்டுரைத் தொடராக வெளியிட்டார். அவர் மறைந்தபின் 1976இல் அது நூலாயிற்று. கற்பனை வகுப்பறை ஒன்றில் ஆசிரியர் ஒருவரும், கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் பலரும் ஒரே தேற்றத்தைப் பற்றி நூல் முழுவதும் வாதிடுகின்றனர். பன்முகித் திண்மம் ஒன்றின் உச்சிகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளின் எண்ணிக்கையைக் கழித்து முகங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் 2 வரும் என்பது ஒயிலரின் தேற்றம். சதுரமுகியொன்றுக்கு உச்சிகள் 8, விளிம்புகள் 12, முகங்கள் 6. ஆகவே 2 வருகின்றது. ஆசிரியர் ஒரு நிறுவல் தருகின்றார். திண்மத்தை இறப்பராலான பொள்ளற்கூடாகக் கருதி, ஒரு முகத்தை நீக்கி, எஞ்சியதைத் தளத்தின்மேல் இழுத்து விரிப்பது அதன் முதற்படி. உடனே ஒரு மாணவன் எழுந்து, உள்ளே சிறியதொரு சதுரமுகி வடிவான வெற்றிடம் கொண்ட சதுரமுகியைக் காட்டுகின்றான். அதற்கு உச்சிகள் 16, விளிம்புகள் 24, முகங்கள் 12. 2 வரவேண்டிய இடத்தில் 4 வருகின்றது.

இவ்விடத்து மாணவர் கொள்ளும் நிலைகள் வெவ்வேறானவை. தேற்றமே பொய் என்று கைவிடுகின்றான் ஒருவன். காட்டப்பட்ட பொருள் பன்முகியே அன்று, அது ஒரு பூதம் என்று விலக்குகின்றான் மற்றொருவன். ஆசிரியரோ இரண்டையும் ஏலாது, நிறுவலின் எப்படியை இவ்வெதிருதாரணம் உடைக்கின்றது என்று தேடச் சொல்கின்றார். ஒரு முகத்தை நீக்கியபின் அதனைத் தளத்தில் விரிக்க இயலாது என்பது தெரியவருகின்றது. அப்படியானால், அவ்வாறு விரிக்கத்தக்க பன்முகிகளுக்கே தேற்றம் உரியது என்று கூற்றிலேயே நிபந்தனை சேர்க்கப்படுகின்றது. ஒரு மறுப்பினால் ஒரு வாக்கியம் திருந்துகின்றது. எழுந்த தடை எழுதப்படும் கூற்றினுள்ளே சென்று தங்கிவிடுகின்றது. தமிழ் உரையாசிரியர் "எனின்" என்ற சொல்லாற் செய்ததும் இதுவே. எனவே இந்நூல் காட்டும் வகுப்பு மீனோவின் வகுப்பிலும் பன்மடங்கு உயர்ந்தது. இங்கே வினா எழுப்புபவர் மாணவர்; மறுப்பவரும் மாணவர்; ஆசிரியர் விடையைக் காத்து நிற்பவர் அல்லர்.

ஆயினும் இந்நூலையும் அப்படியே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருதல் இயலாது. அவ்வகுப்பு மாணவர் அனைவரும் கணிதப் புலமையிற் பழுத்தவர்கள். கூசி ஒதுங்கி மூலையிலிருக்கும் மாணவன் அங்கில்லை. விளங்காமலே தலையசைப்பவனும் இல்லை. அவர்கள் பேச்சு, 19ஆம் நூற்றாண்டுக் கணிதர் பலர் தனித்தனியே எழுதியவற்றைத் திரட்டி உரையாடலாக்கியது என்பதை அடிக்குறிப்புகள் காட்டிவிடுகின்றன. ஆசிரியர் முதலிற் சொன்ன நிறுவலும் பிரான்சியக் கணிதர் கோசி 1813இல் வெளியிட்டதன் வடிவமே. யாவற்றிலும் மேலாக, அவ்வகுப்பில் எவனும் எழுதுவதில்லை. பலர் பேசியதை ஒருவர் தனித்திருந்து எழுதினார், அவர் லக்கற்றோஷ். எனவே அந்நூலிற் கற்கவேண்டியது இரு மடங்கு. தடை எழுப்பும் பேச்சு வேண்டும் என்பது ஒன்று. அப்பேச்சைத் தனித்திருந்து ஒழுங்குபடுத்தும் எழுத்து வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை நூல் சொல்லிக் காட்டுகின்றது. இரண்டாவதைத் தன் இருப்பினாலேயே காட்டுகின்றது.

பேச்சையும் எழுத்தையும் இணைக்கும் பாலம் யாது என்பதற்கு ஜோர்ஜ் போல்யாவின் கருத்து உதவும். அங்கேரியரான இவர் கணக்குத் தீர்க்கும் கலையைப் பற்றி 1945இல் எழுதிய நூல் உலகெங்கும் ஆசிரியர் கையில் உள்ளது. அதனை அங்கேரிய மொழியிற் பெயர்த்தவர் மேற்கூறிய லக்கற்றோஷே. தெரியாதது எது, தரப்பட்டது எது, இதனை ஒத்த கணக்கு முன் வந்துண்டா, பெற்ற விடையைச் சோதித்தாயா என்று ஆசிரியர் இயல்பாகவும் மீண்டும் மீண்டும் வினவுதல் வேண்டும் என்பார் போல்யா. நாளடைவில் அதே வினாக்களை மாணவன் தன்னைத்தானே வினவத் தொடங்குவான் என்பது அதன் உட்கிடை. புறத்தே கேட்ட குரல் அகத்தே குடிபுகவேண்டும். கலந்துரையாடலின் பயன் அவ்வேளை கிடைத்த விடையில் இல்லை. பின்னர் தனித்திருந்து எழுதும்போது தோழனின் வினா காதில் ஒலிப்பதிலேயே உள்ளது.

இதனை எளிய எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்கலாம். இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் இரட்டை எண் வரும் என்பதைக் காரணங்காட்டி எழுதுமாறு ஒரு வகுப்புக்குச் சொல்லப்படுகின்றது எனக் கொள்க. மாணவன் ஒருவன், "3 + 5 = 8, 7 + 9 = 16, 11 + 13 = 24; ஆகவே இரட்டை எண் வரும்" என்று எழுதுகின்றான். ஆசிரியர் இதனைப் பிழையென்று சிவப்பு மையாற் கோடிட்டால், ஏன் பிழை என்பது அவனுக்கு விளங்காது. மூன்றும் சரியான கணக்குகளாயிற்றே. வகுப்பில் அதனை வாசிக்கக் கேட்ட தோழன் ஒருவன், "அந்த மூன்று விடைகளும் 8ஆல் வகுபடுகின்றனவே! அப்படியானால் இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் 8ஆல் வகுபடும் எண் வரும் என்றும் இதே மூன்றைக் காட்டி எழுதலாமா?" என்று வினவுகின்றான். மற்றொருவன், "3உம் 7உம் 10 அல்லவா?" என்கின்றான். மெய்க்கும் பொய்க்கும் அதே மூன்று உதாரணங்கள் ஒருங்கே சான்றாய் நிற்பதைக் கண்ட மாணவன், உதாரணம் வேறு, காரணம் வேறு என்பதை அக்கணமே உணர்கின்றான். ஆசிரியர் நூறுமுறை சொன்னாலும் இவ்வுணர்வு இத்துணை விரைவிற் பிறவாது.

அடுத்துக் காரணத்தைத் தேடுகின்றனர். "ரெண்டிலையும் ஒவ்வொண்டு மிஞ்சுது, அது ரெண்டும் சோடியாப் போகுது" என்கின்றாள் ஒரு மாணவி. நிறுவலின் உயிர் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. ஆனால் அவள் தோழி, "எதில் மிஞ்சுகின்றது?" என்று வினவுகின்றாள். ஒற்றை எண்ணை இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒன்று எஞ்சும் என்று விளக்கம் விரிகின்றது. "மிச்சமான ஒன்று இரண்டும் சோடியாகும், மற்றவை என்னாகும்?" என்று இன்னொரு வினா எழுகின்றது. அவை முன்னரே சோடி சோடியாக உள்ளன என்பதும் சொல்லப்படவேண்டியதாகின்றது. இவ்வினாக்களுக்குப் பின் அவள் தனித்திருந்து எழுதுவது இவ்வாறு அமையலாம்: "ஒற்றை எண் எதனையும் இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒன்று எஞ்சும். இரண்டு ஒற்றை எண்களைச் சேர்த்தால், முன்னரே சோடியாக இருந்தவை சோடியாகவே இருக்கும். ஒவ்வோர் எண்ணிலும் எஞ்சிய ஒன்றும் ஒன்றும் சேர்ந்து புதிய சோடியொன்றாகும். ஆகவே எதுவும் எஞ்சாது. எதுவும் எஞ்சாமற் சோடிகளாகப் பிரியும் எண் இரட்டை எண்ணாதலால், கூட்டுத்தொகை இரட்டை எண்." இதன் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் வகுப்பிற் கேட்ட ஒரு வினா நிற்கின்றது. அட்சரகணிதக் குறியீடு பின்னர் வரும்போது இவ்விளக்கமே சுருங்கி ஒரு சமன்பாடாகும். பொருளறியாது கற்ற சமன்பாடோ விளக்கமாக விரியமாட்டாது.

இவ்விடத்துத் தமிழ் மாணவனுக்கே உரிய இடர் ஒன்றையும் கருதவேண்டும். தமிழிற் பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் உள்ள தூரம் பெரிது. காரணம் அவன் உள்ளத்திற் பிறப்பது பேச்சு வழக்கிலேயே. அம்மாணவி, "ஒவ்வொண்டு மிஞ்சுது" என்று தொடங்கியதும், "தமிழிற் சொல்" என்று தடுத்தால் சொல்லும் மறையும், காரணமும் மறையும். அதன்பின் அவள் குறிப்புக் கொப்பியில் உள்ள வாக்கியத்தை மனனஞ் செய்தே எழுதுவாள். அவ்வாக்கியம் இலக்கணப் பிழையின்றி இருக்கும், அவளுடையதாய் இராது. மற்றொரு புறம், பேசியதைப் பேசியபடியே எழுதவிடுதலும் கேடு. "ஒண்டு" என்பதை "ஒன்று" எனத் திருத்துவது சிறு செயல். பேச்சில் வந்த "அது", "இது", "அங்கை" என்னும் சுட்டுச் சொற்கள் எவற்றைக் குறிக்கின்றன என்று பெயரிட்டு எழுதுவித்தலே பெருஞ்செயல். பேச்சிலே அச்சொற்களுக்குப் பொருள் தந்தது விரல். தாளில் விரல் இல்லை. எழுத்துப் பிழைகளைத் திருத்தி இச்சுட்டுப் பிழைகளை விட்டுவிடும் ஆசிரியர் உடலைத் துடைத்து நோயை விடுகின்றார்.

கணித விளக்கத்துக்கு மக்கள் மொழி போதாது என்பது இதற்குச் சமாதானமாகாது. கேரள நாட்டுக் கணிதர் ஜ்யேஷ்டதேவர் 1530ஐ அண்டி யுக்திபாஷா என்னும் நூலை இயற்றியபோது, அறிஞர் வழக்கமான வடமொழிச் செய்யுளை விடுத்து மலையாள உரைநடையைக் கொண்டார். வட்டத்தின் பரிதியைத் தரும் முடிவிலித் தொடர்களைக் கூட அந்நடையிலேயே, விதியை மட்டும் கூறி அமையாது, காரணங்களோடு படிப்படியாக விளக்கினார். யாழ்ப்பாணத்திலே கரோல் விசுவநாதபிள்ளை வீசகணிதத்தைத் தமிழில் எழுதி வெளியிட்டது 1855இல். இலங்கையின் இடைநிலை வகுப்புகளில் 1950களிலும் 1960களிலும் தாய்மொழி படிப்படியாகப் பயிற்று மொழியானதன்பின், தமிழிற் கணிதம் எழுதாத பள்ளி இல்லை. குறை மொழியில் இல்லை. மாணவன் தன் காரணத்தைத் தன் வாயாற் சொல்லி, பிறர் வினவ, அதனை எழுத்து வழக்குக்கு ஏற்றும் பயிற்சி போதாமையே குறை.

இப்பயிற்சியை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தவர் யப்பானிய ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள். ஒரே கணக்கை மாணவர் முதலிலே தனித்தனியே முயல்கின்றனர். பின்னர் அவர்கள் கண்ட வெவ்வேறு வழிகளைக் கரும்பலகையில் நிரைப்படுத்தி, வகுப்பு முழுவதும் அவற்றை ஒப்பிட்டு வாதிடுகின்றது. பிசைந்து பதப்படுத்தல் என்ற பொருள்பட அதனை நெரியகே என்று அழைப்பர். ஆசிரியர் கரும்பலகையை இடையில் அழிப்பதில்லை. பாடம் தொடங்கியது முதல் முடியும்வரை நிகழ்ந்தவை இடமிருந்து வலமாக அதில் நிற்கும்படி முன்னரே திட்டமிடுகின்றார். இறுதியில் மாணவர் தாம் கற்றதைத் தம் சொல்லில் எழுதுகின்றனர். பேச்சு காற்றோடு போகாமல், எழுதுவோன் கண்முன் நிற்பதே இம்முறையின் சிறப்பு.

கலந்துரையாடலுக்கு எதிராகச் சொல்லப்படும் தடைகளும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. நாற்பது நிமிடப் பாடத்தில், நாற்பது மாணவரை வைத்துக்கொண்டு, ஒரே கணக்கை எத்துணை நேரம் பேசுவது? பாடத்திட்டம் எப்போது முடிவது? இது நியாயமான வினா. எல்லாக் கணக்கையும் பேசவேண்டுவதில்லை. கிழமைக்கு ஒரு கணக்கை நன்கு தெரிந்தெடுத்துப் பேசினாற் போதும். இரண்டாவது தடை இதனினும் பெரிது. வாயாடும் மாணவர் நால்வர் பேச, ஏனையோர் கேட்டிருந்து, இறுதியில் அந்நால்வரின் வாக்கியத்தையே அனைவரும் எழுதுவர் என்பது அது. உடன்பாடு நிறுவலாகாது, பலர் தலையசைத்தமை காரணமுமாகாது. ஆசிரியரின் முகக்குறிப்பைப் பார்த்து விடையைத் திருத்திக்கொள்ளும் வகுப்பிலே வாதம் நடப்பது போலத் தோன்றினும் உண்மையில் நடப்பது மீனோவின் "ஆம்" என்னும் மறுமொழியே.

இத்தடைகளுக்கு விடை, வரிசையைக் காப்பதில் உள்ளது. முதலில் ஒவ்வொருவரும் தனியே எழுதவேண்டும். குறையுடையதாயினும் கூசுபவனிடமும் ஒரு தாள் இருக்கும். பின்னரே பேச்சு. அப்பேச்சிலும் எழுதியவன் தன் தாளைத் தானே வாசித்தல் ஆகாது. தோழன் ஒருவன் அதனை உரக்க வாசித்து, எழுதியபடியே கரும்பலகையிற் செய்துகாட்டவேண்டும். எழுதியவன் வாய் திறவாது இருக்கவேண்டும். "நான் நினைத்தது அதுவன்று" என்று சொல்ல அவன் துடிக்கும் இடமே அவன் எழுத்து விட்டுவிட்ட இடமாகும். உருத்திரசன்மனின் மௌனத்தை இவ்வாறு எழுதியவன்மேல் ஏற்றிவைத்தால், தாள் தானாகவே பேசவேண்டிய நிலை உண்டாகின்றது. அதன்பின் மீண்டும் தனியெழுத்து. முதல் தாளையும் இரண்டாம் தாளையும் அருகருகே வைத்து நோக்கினால், பேச்சு பயன் தந்ததா இல்லையா என்பதை எவரும் மதிப்பிடலாம். இரண்டாம் தாள் முதல் தாளைவிட நீண்டிருந்தால் மட்டும் போதாது; முதல் தாளில் இல்லாத ஒரு "ஏன்?" அதில் விடை பெற்றிருக்கவேண்டும்.

இந்த வரிசை தவறினால் இரு புறமும் இழப்பு. எழுத்தில்லாத பேச்சு அன்றைய பொழுதுபோக்காய் முடியும். பேச்சில்லாத எழுத்து பிறர் நிறுவலின் நகலாய் முடியும். இலட்சக்கணக்கான பிள்ளைகள் ஆண்டுதோறும் கணிதத்திற் பரீட்சை எழுதிச் செல்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் பின்னர் தேற்றம் எதனையும் நிறுவப்போவதில்லை. ஆயினும் ஒரு முறைப்பாட்டை, ஓர் அறிக்கையை, ஒரு வழக்கின் நியாயத்தை, எதிரில் இல்லாத ஒருவர் ஏற்கும்படி எழுதவேண்டிய நாள் அவர்கள் ஒவ்வொருவருக்கும் வரும். அன்று அருகிருந்து சுட்டிக்காட்டும் விரல் இராது. கேட்டு இழுத்தெடுக்கும் தோழனும் இரான். தன் சொல்லை மட்டுமே கொண்டு, வினவாத காரணிகன் முன்னே நிற்கவேண்டும். அந்நிலைக்கு ஒருவனைப் பயிற்றுவதற்குக் கணித வகுப்பிலும் ஏற்ற களம் வேறில்லை. ஏனெனில் ஒரு சொல் குறைந்தாலும் விளக்கம் நில்லாது என்பதை அது ஒளிக்காமற் காட்டிவிடும்.